கம்ப்யூட்டர் விஷன் வேலையிலிருந்து பேரிடர் உதவிப் பணிக்கு மாறலாமா?

கோடும்புள்ளியும் கேட்டது:

வணக்கம். பல வருடங்களாகக் கம்ப்யூட்டர் விஷன்தான் எனக்குச் சோறு போடுகிறது. இப்போது செய்வது, கடை அலமாரியில் எந்தப் பொருள் தீர்ந்துவிட்டது என்று கேமரா வழியாகக் கண்டுபிடிக்கும் வேலை. சம்பளத்தில் குறை இல்லை. மனசுதான் ஒட்டவில்லை. 2023 பிப்ரவரியில் துருக்கியிலும் சிரியாவிலும் நிலநடுக்கம் வந்தபோது, செயற்கைக்கோள் படங்களை வைத்து இடிந்த கட்டடங்களைக் குறித்துக் கொடுத்த குழுக்களைப் பற்றிப் படித்தேன். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டும் என்ற எண்ணம் விடவே இல்லை.

ஓய்வு நேரத்தில், பேரிடர் சேதம் குறித்த செயற்கைக்கோள் படங்களின் தொகுப்பான எக்ஸ்பிடி டேட்டாசெட்டை இறக்கி, படத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து அடையாளம் காணும் யூ-நெட் மாடல் ஒன்றைப் பயிற்றுவித்தேன். எஃப்1 மதிப்பெண் (தவறவிட்டதையும் வெட்டியாகக் குறித்ததையும் சேர்த்து அளக்கும் ஒரே எண்) நன்றாகவே வந்தது. இதைக் காட்டினால் வேலை கிடைக்குமா? பிஎச்டி இல்லாமல் உள்ளே விடுவார்களா? வருமானம் எப்படி? அப்புறம், கேட்கவே கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது: இந்த மாடல்களை நிஜமாகவே யாராவது பயன்படுத்துகிறார்களா, இல்லை ஆண்டறிக்கையில் படம் போடத்தானா?

வரைபடக்காரி:

நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். முதலில் செயற்கைக்கோள் படங்களைப் பகுப்பாய்வு செய்யும் நிறுவனம் ஒன்று, பிறகு ஒப்பந்தத்தின் பேரில் நெருக்கடிக்கால வரைபடக் குழுக்கள். உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் மற்றவை பாதி தெளிந்துவிடும்.

இடிபாட்டுக்குள் ஆள் தேடுகிறவர்கள் நம் வரைபடத்துக்காகக் காத்திருப்பதில்லை. பெரும் பேரிடர்களுக்கென்று விண்வெளி நிறுவனங்களுக்குள் ஒரு சர்வதேச சாசனம் இருக்கிறது, 2000-இலிருந்து நடைமுறையில். அதை இயக்கினால் உறுப்பு நிறுவனங்கள் படங்களை இலவசமாகத் தரும். ஐ.நா.வின் செயற்கைக்கோள் வரைபட மையமான யூனோசாட், ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் அவசரச் சேவை போன்றவை வரைபடம் தயாரிக்கும். எல்லாம் சரி. ஆனால் செயற்கைக்கோள் அந்த இடத்தைக் கடக்க வேண்டும், மேகம் விலக வேண்டும், படம் நம் கைக்கு வர வேண்டும். அதற்குள் அக்கம்பக்கத்தாரும் மீட்புக் குழுக்களும் வெறுங்கையாலேயே தோண்ட ஆரம்பித்திருப்பார்கள். நம் வரைபடம் உதவுவது அதற்கு அடுத்த கட்டத்தில்: எத்தனை குடும்பத்துக்குக் கூடாரம் வேண்டும், எந்தத் தெருவுக்குப் பொறியாளரை முதலில் அனுப்புவது, மறுகட்டுமானத்துக்கு எவ்வளவு ஆகும்.

இதைத் தெரிந்துகொண்டால் மாடலைப் பற்றிய யோசனையே மாறிவிடும். கூடாரக் கணக்குக்கு ஒவ்வொரு கட்டடமும் சரியாக வர வேண்டியதில்லை. ஒரு பகுதியின் மொத்தம் சரியாக இருந்தால் போதும். இங்கே ஒன்றைக் கூட்டி அங்கே ஒன்றை விட்டால் கழிந்துபோகும். பொறியாளரை அனுப்பும் பட்டியலுக்கு அப்படி இல்லை. அதில் விட்டுப்போன ஒரு கட்டடத்துக்குள் அன்று ராத்திரியே ஆள் திரும்பப் போய்ப் படுத்துவிடக்கூடும். அங்கே பத்து வெட்டி எச்சரிக்கை வந்தாலும் பரவாயில்லை. உங்கள் எஃப்1 இந்த இரண்டு வேலைக்கும் ஒரே எண்ணைத்தான் தரும். ஆகவே "யார், எந்த முடிவை, எப்போது எடுக்கப் போகிறார்?" என்று கேட்டு வாங்குவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. கேட்டால் பல நேரம் பதில் இருக்காது. பதில் இல்லாத இடத்தில் செய்யும் மாடல்தான் நீங்கள் சொன்ன ஆண்டறிக்கைக்குப் போகிறது.

இப்போது எக்ஸ்பிடிக்கு வருவோம். நல்ல டேட்டாசெட், குறை சொல்ல மாட்டேன். 8,50,736 கட்டடங்கள், 45,362 சதுர கிலோமீட்டர், பேரிடருக்கு முன்னும் பின்னும் எடுத்த ஜோடிப் படங்கள். சேதமில்லை, சிறு சேதம், பெரும் சேதம், அழிந்தது என்று நான்கு நிலைகள். ஆனால் உள்ளே எந்தெந்தப் பேரிடர்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? பெரும்பாலும் புயல், காட்டுத்தீ, வெள்ளம், சுழற்காற்று. நிலநடுக்கம் என்று வகைப்படுத்தியிருப்பது 2017 மெக்சிகோ மட்டும். அதில் இடிந்த கட்டடங்கள் மிகச் சொற்பம். உங்களை இந்தப் பக்கம் இழுத்தது நிலநடுக்கம். உங்கள் மாடல் பார்த்துப் பழகியதோ காற்று பிய்த்தெடுத்த மரவீட்டுக் கூரைகளையும் தீயில் சாம்பலான வீட்டுமனைகளையும்.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு கான்கிரீட் அடுக்குமாடி. நிலநடுக்கத்தில் தரைத்தளத் தூண்கள் முறிந்து, தளங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அப்படியே உட்கார்ந்துவிட்டன. நேர் மேலிருந்து எடுத்த 30 சென்டிமீட்டர் படத்தில் மொட்டைமாடி முழுசாகத் தெரியும். தண்ணீர்த் தொட்டிகூட இருந்த இடத்தில் இருக்கும். மாடல் "சேதமில்லை" என்று அடித்துச் சொல்லும். பழகிய கண் கூரையைப் பார்க்காது, நிழலைப் பார்க்கும். பழைய படத்தில் தெருவைத் தாண்டி விழுந்த நிழல், புதிய படத்தில் நடைபாதையோடு நின்றுவிட்டதா? இரண்டு படங்களிலும் சூரியன் எந்த உயரத்தில் இருந்தது என்பது படத்தோடு வரும் தகவல் கோப்பில் இருக்கும். அதை வைத்து, நிழல் இவ்வளவு சுருங்க நேரம்தான் காரணமா, உயரம் குறைந்ததா என்று கணக்குப் போட்டுவிடலாம். விளிம்பில் சிதறிய துண்டுகள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய அளவுகோலான இஎம்எஸ்-98 சேதத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. மேலிருந்து ஓரளவு நம்பிச் சொல்லக்கூடியவை கடைசி இரண்டு படிகள்தான். சுவரில் விரிசல் விட்டு, குடியிருக்கத் தகாமல் போன வீடு எந்தச் செயற்கைக்கோளுக்கும் சேதமே இல்லாத வீடாகத்தான் தெரியும்.

இன்னொரு தலைவலி, கோணம். அவசரத்தில் எடுக்கும் படம் செங்குத்தாக இருக்காது. செயற்கைக்கோள் சாய்ந்து எடுத்திருக்கும். உயரமான கட்டடங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி தெரியும். முந்தைய படத்தில் வரைந்த எல்லைக்கோடு புதிய படத்தில் பக்கத்துத் தெருவில் போய் விழும். மாடல் அங்கே காரையும் மரத்தையும் பார்த்துவிட்டு "அழிந்தது" என்று எழுதும். ஒரு நகரத்தில் உயரக் கட்டடங்கள் மட்டும் வரிசையாகச் சிவப்பாக வந்தால் நிலநடுக்கத்தைச் சந்தேகிக்கும் முன் கோணத்தைச் சந்தேகியுங்கள்.

உங்கள் மதிப்பெண்ணைப் பற்றி ஒரு கேள்வி. பயிற்சிக்கும் சோதனைக்கும் படங்களை எப்படிப் பிரித்தீர்கள்? எல்லாவற்றையும் கலக்கிப் பிரித்திருந்தால், ஒரே புயலின் ஒரே தெரு இரண்டு பக்கமும் போயிருக்கும். எக்ஸ்பிடியை வைத்து நடந்த எக்ஸ்வியூ2 போட்டியே அப்படித்தான், ஒரே பேரிடரின் படங்கள் இரண்டு பக்கமும் வந்தன. நிஜத்தில் அடுத்த பேரிடர் எதுவும் உங்கள் டேட்டாவில் இருக்காது. ஒரு பேரிடரை முழுக்க ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவற்றில் பயிற்றுவித்துப் பாருங்கள். மதிப்பெண் சறுக்கும். எவ்வளவு சறுக்குகிறது, ஏன் என்று உங்களால் பேச முடிந்தால், நேர்காணல் எடுக்கும் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

பிஎச்டி தேவையில்லை. ஐ.நா. நிரந்தரப் பதவிகளில் முதுகலைப் பட்டமும், பி-2 என்ற பதவிப் படிக்கு 2 வருடம், அதற்கு மேல் உள்ள பி-3-க்கு 5 வருடம் என்று அனுபவமும் கேட்பார்கள். பட்டம் குறைந்தால் கூடுதல் வருடங்களால் ஈடுகட்டலாம். ஆனால் நம் மாதிரி ஆட்களை அதிகம் எடுப்பது ஆலோசகர் ஒப்பந்தத்தில்தான். சில மாதங்கள், அதிகம் போனால் ஒரு வருடத்துக்குள். முடிந்ததும் திரும்ப வரிசை.

மாடல் தெரிந்தவர் நிறையப் பேர் வருகிறார்கள். ஜிடால், கியூஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருள்களும், நிலத்தின் இடங்களை எண்களால் குறிக்கும் ஆயத்தொலைவு முறைகளும் தெரிந்து வருபவர் குறைவு. இடக்குறிப்போடு வரும் ஜியோடிஃப் கோப்பை, அது இல்லாத சாதாரணப் பிஎன்ஜி படமாக மாற்றிப் பயிற்றுவித்துவிட்டு, விடையைத் திரும்ப நிலத்தின்மேல் எங்கே வைப்பது என்று விழிப்பவர்களைப் பார்த்து அலுத்துவிட்டது.

களத்திலிருந்து:

நான் வரைபடத்தைப் போடுகிறவன் இல்லை, வாங்குகிறவன். தங்குமிட ஒருங்கிணைப்பு வேலை. மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு, ஓரிடத்தில் மட்டும் இல்லை.

எங்களிடம் கேட்டால் பதில் வராது என்பது உண்மைதான். முதல் வாரத்தில் என்ன முடிவு எடுக்கப் போகிறோம் என்று எங்களுக்கே தெரியாது. அந்த நேரத்தில் கேள்விப் பட்டியலோடு வந்து நின்றால் எரிச்சல்தான் வரும். தோராயமாக ஒன்றைச் சீக்கிரம் கொடுங்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போதுதான் எங்களுக்கே கேள்வி பிறக்கும்.

இரண்டு வேண்டுகோள். நான்கு நிறம், ஐந்து நிறம் வேண்டாம், இரண்டு போதும். அதைவிட முக்கியம்: எந்த இடத்தைப் பார்க்கவே முடியவில்லை என்று தனியாகக் குறியுங்கள். மேகம் மூடிய பகுதி வரைபடத்தில் வெள்ளையாக இருந்தால், அவசரத்தில் பார்ப்பவர் அங்கே சேதமே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். அப்படிப்பட்ட வெள்ளைத் திட்டு ஒன்றுக்கு எங்கள் வண்டிகள் கடைசியாகப் போனது எனக்குத் தெரியும்.

பிறகு, இணையத்தில் சுழலும் வரைபடம் அழகாக இருக்கிறது. அங்கே இணையம் இருக்காது. அச்சடிக்கிற மாதிரி ஒரு பிடிஎஃப் கொடுங்கள்.

வரைபடக்காரி:

வெள்ளைத் திட்டு விஷயம் நூற்றுக்கு நூறு சரி. நான் மேகப் பகுதியைக் கோடு போட்டு நிரப்பி, "படம் இல்லை" என்று பெரிய எழுத்தில் போடச் சொல்வேன். வடிவமைப்பாளர்களுக்கு அது அசிங்கமாகத் தெரியும், சண்டை நடக்கும். ஆனால் சீக்கிரம் கொடுப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் தோராயமாகப் போன எண்தான் கடைசி வரை சுற்றும். திருத்திய பதிப்பை யாரும் திறப்பதில்லை. அதனால் முதல் வரைபடத்தில் ஒற்றை எண்ணை எழுதாமல் "இதிலிருந்து இது வரை" என்று எழுதுங்கள் என்பேன்.

பழையகை:

எல்லாரும் தொழில்நுட்பமே பேசுகிறீர்கள். அவர் வருமானத்தையும் கேட்டாரே.

தம்பி, இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். 2025-இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் மூடப்பட்டது. அந்தப் பணத்தை நம்பி ஓடிய அமைப்புகள் ஆட்களைக் குறைத்தன. அனுபவம் உள்ளவர்களே இப்போது ஒப்பந்தம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தொண்டு மனசு நல்லதுதான், ஆனால் வாடகை கட்டிவிட்டுத் தொண்டு செய்வது இன்னும் நல்லது.

உள்ளே வர எளிய வழி, பணம் இல்லாத வழி. 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போது தன்னார்வலர்கள், யாரும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்ததிலிருந்து வளர்ந்ததுதான் ஹாட் என்ற அமைப்பு. வரைய வேண்டிய பகுதிகளைப் பிரித்துக் கொடுக்கும் அதன் டாஸ்கிங் மேனேஜர் தளத்தில் ஒரு கணக்குத் தொடங்கி, கட்டடங்களைக் கையால் வரையுங்கள். பொறியாளர்களுக்கு இது கேவலமாகத் தெரியும். வரைந்து பாருங்கள், ஓலைக்கூரைக்கும் வைக்கோல் போருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க உங்கள் கண்ணுக்கே எவ்வளவு நேரம் ஆகிறது என்று அப்போது தெரியும். லேபிள் (மாடலுக்குச் சரியான விடை என்று கொடுப்பது) எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவு ஊகம் என்று புரியும். ஹாட் அமைப்பின் ஃபேர் என்ற கருவி, தன்னார்வலர்கள் வரைந்ததை வைத்தே அந்தந்தப் பகுதிக்கு மாடல் பயிற்றுவிக்கிறது. அதன் நிரல் திறந்தே இருக்கிறது. அதில் போய் நாலு பிழை சரிசெய்தாலே உங்கள் பெயர் நாலு பேருக்குத் தெரியும்.

முள்வேலி:

செயற்கைக்கோள் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணிவெடித் துறையிலும் விஷன் ஆட்களுக்கு வேலை இருக்கிறது. வட சாட் பாலைவனத்தில், புதைந்த வெடி சுற்றியுள்ள மணலைவிட வேறு வேகத்தில் சூடேறிக் குளிர்வதை டிரோனில் வைத்த வெப்பக் கேமராவால் பிடித்திருக்கிறார்கள். விஃப்ரேம் என்ற திட்டம், போர்க்களக் காணொளிகளில் கொத்துக்குண்டின் சிறுகுண்டுகளைக் கண்டுபிடிக்க மாடல் செய்தது. நிஜப் படங்கள் போதாததால் முப்பரிமாண மாதிரி செய்து, அச்சடித்து, மண்ணில் போட்டுப் படமெடுத்துப் பயிற்சி டேட்டா தயாரித்தார்கள். அலமாரிப் பொருளைச் செயற்கைப் படங்களால் பயிற்றுவித்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் அது நேராக இங்கே உதவும்.

ஆனால் இதை மனதில் வையுங்கள்: மாடல் "வெடி இல்லை" என்று சொன்னதால் யாரும் ஒரு நிலத்தைச் சுத்தம் என்று அறிவிக்க மாட்டார்கள். அறிவிக்கவும் கூடாது. வேலி எங்கே போடுவது, எங்கிருந்து தொடங்குவது என்பதற்குத்தான் நம் உதவி. 95 சதவீதம் என்று கருத்தரங்கில் சொன்னால் கை தட்டுவார்கள். கண்ணிவெடி அகற்றுகிறவர் மீதி ஐந்தைப் பற்றித்தான் கேட்பார்.

கோடும்புள்ளியும்:

எல்லாருக்கும் நன்றி. வரைபடக்காரி அக்கா, நீங்கள் சொன்னபடி ஒரு பேரிடரை ஒதுக்கி வைத்து ஓட்டிப் பார்த்தேன். சறுக்கல் என்று சொன்னீர்கள், எனக்கு அது பள்ளத்தில் விழுந்த மாதிரி இருந்தது. சரி, வேலையை விடாமல் மாலை நேரத்தில் செய்யக்கூடியதாக ஒன்று சொல்லுங்கள். நிலநடுக்கத்தையே பிடித்துக்கொள்ளவா? விளைவுகளை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வெளியிடலாமா?

வரைபடக்காரி:

நிலநடுக்கத்தை இப்போது விடுங்கள். உயர்தெளிவுப் படங்களுக்குப் பேரிடர் நடக்கும்போது மட்டும்தான் இலவச வாசல் திறக்கும். வெள்ளத்தை எடுங்கள். சென்டினல்-1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் ரேடார் படங்கள் எப்போதும் இலவசம், மேகத்தை ஊடுருவும், இரவிலும் எடுக்கும். தொடங்குவதற்கு சென்1ஃப்ளட்ஸ்11 என்ற டேட்டாசெட் இருக்கிறது: 11 வெள்ளங்கள், 4,831 துண்டுப் படங்கள், அவற்றில் 446 மட்டும் கையால் குறித்தவை. கையால் குறித்ததையும் தானாகக் குறித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

ரேடாரில் அமைதியான தண்ணீர் கறுப்பாகத் தெரியும், ஏனென்றால் அது அலையைக் கண்ணாடி போலத் தூரமாகத் தள்ளிவிடும், திருப்பி அனுப்பாது. அதே காரணத்தால் விமான ஓடுபாதையும் கறுப்பு, காய்ந்த மணலும் கறுப்பு. மலைக்குப் பின்னால் ரேடார் படாத இடமும் கறுப்பு. நாற்று நடத் தண்ணீர் கட்டிய வயலோ உண்மையிலேயே தண்ணீர்தான், ஆனால் வெள்ளம் இல்லை. உங்கள் மாடல் இத்தனையையும் வெள்ளம் என்று சொல்லும். நிரந்தர நீர்நிலைகளையும் நில உயரத்தையும் சேர்த்து எதை எதைக் கழிக்கலாம் என்று பாருங்கள். மறுபக்கம், நகரத்துக்குள் வெள்ளம் புகுந்தால் தண்ணீரில் பட்டுச் சுவரில் பட்டு அலை திரும்பி வந்துவிடும். அங்கே பளிச்சென்று தெரியும், கறுப்பைத் தேடும் மாடல் அதைத் தவறவிடும். ஆள் அதிகம் இருக்கிற இடத்தில்தான் அது தவறவிடுகிறது. இந்த ஒரு பிரச்சினையை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு வருடம் உட்காரலாம்.

வெளியிடுவது பற்றி. வெள்ளப் பரப்பு, நிரல், தவறுகளின் பட்டியல் எல்லாவற்றையும் தாராளமாகப் போடுங்கள். அகதி முகாம், இடம்பெயர்ந்தவர்கள் புதிதாகக் கூடியிருக்கும் இடம், இவற்றின் கூடார எண்ணிக்கையும் துல்லியமான இருப்பிடமும் மட்டும் வேண்டாம். திறமையைக் காட்ட ஆசைப்பட்டு அப்படிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வரைபடம் யாருக்கெல்லாம் வசதி என்று யோசிக்க வேண்டும். பாதுகாப்பாக வைத்திருப்பதற்கென்றே ஆட்கள் உள்ள செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவிடமிருந்தே 2022-இல் 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் ஊடுருவலுக்கு ஆளாயின. ஐ.நா.வின் மனிதாபிமான உதவி ஒருங்கிணைப்பு அலுவலகமான ஓச்சாவுக்கு மனிதநேயத் தரவு மையம் ஒன்று இருக்கிறது, தரவைப் பொறுப்போடு கையாளும் வழிகாட்டிகள் அவர்களிடம் கிடைக்கும். நேர்காணலில் அதிலிருந்து கேட்பார்கள், மாடல் கட்டமைப்பைப் பற்றிக் கேட்பதைவிட அதிகமாகவே.

ஓட்டிப் பார்த்துவிட்டு நகரப் பகுதியில் என்ன வந்தது என்று இங்கேயே போடுங்கள். களத்திலிருந்து எழுதுகிற நண்பரையும் இழுத்துவிடலாம். இரண்டு நிறத்தில் பிடிஎஃப் போட்டால் அவர் பார்ப்பார்.

களத்திலிருந்து:

பார்க்கிறேன். மேகம் இல்லாத ரேடார் படம் என்றாலும், பார்க்க முடியாத இடத்தைக் குறித்திருக்க வேண்டும். மலைக்குப் பின்னால் என்று மேலே சொன்னாரே, அதுவும் கணக்கில் வரும்.